வன்னிக்குள் வீடு மாற: பட்டாவா, றக்ரரா, பத்தரை அடி லொறியா?

விசுவமடுவிலிருந்து கிளிநொச்சி கனகபுரத்துக்கு வீடு மாற வேண்டி வந்தபோது மூன்று பேரிடம் விலை கேட்டேன். பரந்தன் சந்தியால் வந்தால் தூரம் இருபது கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். பட்டா என்ற சின்ன லொறி வைத்திருக்கும் தம்பி ஒரு நடைக்கு 7,000 ரூபாய் என்றார். நான்கு சில்லு றக்ரரும் அது பின்னால் இழுக்கும் பெட்டியும் வைத்திருக்கும் அயல்வீட்டு அண்ணை 9,000 என்றார். பத்தரை அடி லொறிக்காரர் பேசிக் குறைத்த பிறகு 12,000 சொன்னார். கேட்ட உடனே பட்டாதான் மலிவு என்று நினைத்தேன். இரவு இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், மூன்றிலும் கூடின செலவு அதுதான்.

எங்கள் வீட்டுச் சாமான் பட்டாவுக்கு ஒரு நடையில் அடங்காது. இரண்டு நடை என்றால் 14,000. இரண்டு நடைக்கும் ஏற்றி இறக்க நாள் முழுக்க இரண்டு பெடியள் வேண்டும். ஆளுக்கு 3,000 வீதம் 6,000. மொத்தம் 20,000. லொறி என்றால் ஒரே நடை, அரை நாள் வேலை. பெடியளுக்கு ஆளுக்கு 2,000 கொடுத்தாலும் 16,000-உடன் முடிந்துவிடும். றக்ரர் ஒரே நடைதான், ஆனால் ஆறுதலாகப் போய்ச் சேர்ந்து இறக்க நாள் போய்விடும். 9,000-உம் 6,000-உம் 15,000. இவை அந்தக் கிழமை எனக்குச் சொன்ன விலைகள். டீசல் விலை ஏறி இறங்க இவையும் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. வண்டிக் கூலியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை நடை, எத்தனை கை, எத்தனை மணித்தியாலம் என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் கடைசியில் லொறியைத்தான் பிடித்தேன். அதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை.

றக்ரர் ஆயிரம் ரூபாய் மலிவு. அயல்வீட்டுக்காரர், தெரிந்த முகம், நம்பலாம். ஆனால் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டா. "றக்ரர் பெட்டியில சாமான் ஏத்தினது காணும் பிள்ளை. இனி அதில நான் ஒண்டும் ஏத்த மாட்டன்" என்றா. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் சண்டைக்குள் இடம்பெயர்ந்து, கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், தருமபுரத்திலிருந்து விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு என்று கூரைத் தகரத்தையும் கழற்றி றக்ரர் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போன சனத்தில் அவவும் ஒருத்தி. எந்தச் சாமானை எங்கே இறக்கினோம், எதை வீதியோரத்தில் விட்டுவிட்டு நடந்தோம் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவா. வன்னியில் வீடு மாறுவதைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வண்டியைத் தீர்மானிக்க முதல் அவர்களிடமும் ஒரு சொல் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக அம்மாவை அழவைக்க எனக்கு விருப்பமில்லை.

அதற்காக றக்ரர் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரே ஊருக்குள், நாலைந்து கிலோமீற்றருக்குள் மாறுகிறவர்களுக்கு அதைப்போல ஒன்று இல்லை. கிரவல் வீதி, வாய்க்கால் கரை, மழை பெய்து சேறான ஒழுங்கை என்று லொறி புதையும் இடமெல்லாம் றக்ரர் போகும். தண்ணீர்த் தாங்கி, கோழிக்கூடு, விறகு, தகரம், கதியால் கட்டு என்று லொறிக்காரர் முகம் சுளிக்கும் சாமானெல்லாம் பெட்டியில் ஏறும். குறை என்னவென்றால் குலுக்கல். கண்ணாடி அலுமாரி, ரீவி, பிரிஜ் மூன்றையும் றக்ரர் பெட்டியில் ஏற்றுவது பயம்தான். நெல்லும் மணலும் ஏற்றிய பெட்டியாக இருந்தால் முதல் நாளே கழுவிக் காயவிடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மெத்தை முழுக்க உமிதான்.

றக்ரர் எப்போது கிடைக்கும் என்பதும் ஒரு கேள்வி. காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் பெட்டியெல்லாம் வயலுக்குள்ளேயே நிற்கும். புரட்டாதி, ஐப்பசியில் உழவு. இந்த நாட்களில் வீட்டுச் சாமானுக்கு வருகிறேன் என்று யாராவது சொன்னாலும், காலையில் வயல்காரர் கூப்பிட்டால் அங்கேதான் போவார். அதில் கோபிக்க ஒன்றுமில்லை, அது அவருடைய வருடத்து உழைப்பு. நாங்கள்தான் நாளைப் பார்த்து வைக்க வேண்டும்.

லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு றக்ரர் இன்னும் மலிவு. ஒரு தனி ஆள், ஒரு கட்டில், நாலு பெட்டி என்றால் ஊருக்குள் போதும். ஆனால் அதை ஏ9 வீதியிலோ பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலோ ஏற்றாதீர்கள். வேகம் இல்லை, பல வண்டிகளில் பின் விளக்கும் இல்லை. பொழுது பட்டபிறகு பின்னால் வரும் பஸ்சுக்கு அது இருப்பதே தெரியாது.

இனிப் பட்டா. டிமோ பட்டா என்று எங்கள் ஊரில் சொல்லும் டாட்டா ஏஸ் வண்டியின் பெட்டி ஏறக்குறைய ஏழு அடி நீளம், ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். முக்கால் தொன் பாரம் அதன் அளவு. புதிதாகக் கலியாணம் முடித்த இருவர், வாடகை அறையில் இருக்கும் உத்தியோகத்தர், இடமாற்றம் கிடைத்து வரும் ஆசிரியர் என்று சாமான் குறைந்தவர்களுக்கு அதுதான் சரி. சின்ன ஒழுங்கைக்குள் திரும்பும், படலையடி வரைக்கும் பின்னால் வரும், டீசல் குறைவாகத் தின்னும். கட்டில், ஒரு அலுமாரி, பிரிஜ், அடுப்பு, ஏழெட்டு மட்டைப்பெட்டி, இரண்டு மூன்று உரப்பை நிறைய உடுப்பு. இதற்கு மேலே போனால் இரண்டாவது நடை வந்துவிடும். இரண்டாவது நடை வருமா இல்லையா என்பதை வண்டி வந்து படலையில் நின்ற பிறகு கண்டுபிடிக்காதீர்கள். முதல் நாளே பெரிய சாமான் எல்லாவற்றையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் சாரதிக்கு அனுப்புங்கள். "இவ்வளவும்தான் தம்பி, ஒரு நடையில அடங்குமோ?" என்று கேட்டு, பதிலைக் குரல் பதிவாகவே வாங்கி வையுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், முதல் தடவை வீடு மாறியபோது நான் இதைச் செய்யவில்லை. அப்போது வவுனியாவிலிருந்து விசுவமடுவுக்கு வந்தோம். தெரியாத ஒருவரின் லொறியைத் தொலைபேசியில் பேசிப் பிடித்தேன். விலை மட்டும்தான் பேசினேன், வேறொன்றும் பேசவில்லை. காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்கு வந்தார். ஏற்றும்போது ஒரு கை உதவவில்லை. "அக்கா, நாங்க ஓடுறது மட்டும்தான், ஏத்திற வேலை இல்லை" என்றார். அயலில் இரண்டு பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டு ஏற்றி முடிக்க இரண்டு மணி ஆயிற்று. மாங்குளம் சந்தியில் நிறுத்தி, சாமான் சொன்னதைவிடக் கூட, பாதையும் சரியில்லை, இன்னும் 5,000 தந்தால்தான் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்புவேன் என்றார். பிள்ளைகள் பசியில் அழுகிறார்கள், அம்மா முன் இருக்கையில் ஒன்றும் பேசாமல் இருக்கிறா, வீட்டுச் சாமான் முழுக்க அவருடைய லொறியில். கொடுத்தேன். அந்த ஐயாயிரத்தைவிட, அந்தச் சந்தியில் நின்ற பத்து நிமிடம்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு யாரிடம் பேசினாலும் ஐந்து கேள்வியை முதலே கேட்டுவிடுவேன். இந்த விலைக்குள் ஏற்றி இறக்கும் கூலியும் அடங்குமா? எத்தனை மணித்தியாலம் காத்து நிற்பீர்கள், அதற்கு மேல் நின்றால் என்ன? திரும்பி வெறும் வண்டியாக வரும் தூரமும் இதற்குள்தானா? மழை வந்தால் போட உங்களிடம் தறப்பாள் இருக்கிறதா? வரப்போவது நீங்களா, வேறு சாரதியா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விலை பேசுபவர் சொந்தக்காரர், அன்றைக்கு வருவது கூலிச் சாரதி. பேசியது ஒன்றும் அவருக்குத் தெரியாது. பிறகு நடுவழியில் வாக்குவாதம். பேசி முடித்த விபரத்தை ஒரு சின்னச் செய்தியாக இருவருக்கும் அனுப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

முற்பணம் கேட்டால் கொஞ்சம் கொடுக்கலாம், டீசல் அடிக்கும் அளவுக்கு. பாதிக்கு மேல் ஒருபோதும் வேண்டாம். மிச்சம் கடைசிப் பெட்டி இறங்கிய பிறகு.

நம்பிக்கையான ஆளை எங்கே தேடுவது? நகரத்தில் லொறிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் போனால் உடனே ஒருவர் வந்து பேசுவார். சில நேரம் அவர் சாரதியே இல்லை, இடையில் நின்று தரகு எடுப்பவர். அவருடைய பங்கும் எங்கள் தலையில்தான் விழும். நேரே வண்டியில் இருப்பவரிடம் போய்ப் பேசுங்கள். அதைவிட நல்ல வழி ஊருக்குள்ளேயே கேட்பது. எந்தக் கடைக்கு யார் சாமான் இறக்குகிறார் என்று பாருங்கள். சீமெந்துக் கடை, தளபாடக் கடை, நெல் வாங்கும் கடை மூன்றுக்கும் கிழமைக்குக் கிழமை ஓடும் சாரதிகள் இருக்கிறார்கள். தளபாடக் கடைக்கு ஓடுகிறவருக்கு அலுமாரியை எப்படிச் சாய்ப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. றக்ரர் என்றால் கமக்காரர் அமைப்பில் கேளுங்கள். யாருடைய பெட்டி நல்லது, யார் சொன்ன நேரத்துக்கு வருவார் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர் நடுவழியில் நிறுத்திக் காசு கேட்க மாட்டார். எனக்குக் கிடைத்த லொறி அண்ணையும் தளபாடக் கடைக்கு ஓடுகிறவர்தான்.

முகநூலில் விளம்பரம் போட்டு, மூடிய லொறியும் பொதி கட்டும் ஆட்களுமாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். கொழும்புக்கோ கண்டிக்கோ மாறுகிறவர்களுக்கு அது பிரயோசனம். வன்னிக்குள் இருபது, முப்பது கிலோமீற்றருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு லொறியைக் கூப்பிட்டால், ஆனையிறவு தாண்டி வந்து திரும்பிப் போகும் தூரத்துக்கும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சொந்தக்காரரும் சிநேகிதரும். மச்சானிடம் வான், தம்பியின் கூட்டாளிகள் நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசு இல்லாத உதவி என்று சொல்லுவோம், ஆனால் செலவு இல்லாத உதவி இல்லை. காலைத் தேத்தண்ணி, பணிஸ், மத்தியானம் சோத்துப் பார்சல் ஆறு, பின்னேரம் சோடா, மச்சானுக்கு டீசல். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு பெடியனின் நாட்கூலிக்கு மேலே வரும். பிந்தி வந்தால் ஏச முடியாது. ஏதாவது உடைந்தால் "பரவாயில்லை" என்று சிரிக்க வேண்டும். ஆனாலும் இந்த வழிக்கு இருக்கும் ஒன்று வேறு எதற்கும் இல்லை. புதிய வீட்டுக்குள் போகும்போது எங்கள் ஆட்கள் நாலு பேர் கூட வருகிறார்கள். பெண்கள் தனியே பிள்ளைகளோடு குடும்பம் நடத்தும் வீடுகள் வன்னியில் எத்தனையோ. அந்த வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்படித் தனியே இருக்கும் அக்காமார் என்னிடம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்லுவேன். வண்டியில் மிச்சம் பிடியுங்கள், ஆளில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெரிய லொறி பிடித்து ஏற்ற ஆளில்லாமல் நிற்பதைவிட, பட்டாவோடு இரண்டு நல்ல பெடியளை வைத்து இரண்டு நடை ஓடுவது மேல். கூடவே நம்பிக்கையான ஒரு ஆம்பிளையோ அயல் அக்காவோ ஏற்றும் இடத்தில் ஒருவர், இறக்கும் இடத்தில் ஒருவர் என்று நிற்கட்டும். நீங்கள் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும்.

நல்ல ஆள் என்றால் என்ன என்று அன்றைக்கு நேரே பார்த்தேன். லொறி அண்ணையோடு வந்த இருவரில் ஒரு தம்பிக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். வந்தவுடன் ஒன்றையும் தூக்கவில்லை. வீடு முழுக்க ஒருக்கால் சுற்றிப் பார்த்தான். பிறகு அம்மாவிடம், "அம்மா, அம்மியும் ஆட்டுக்கல்லும் எங்க?" என்று கேட்டான். முதல் அவை இரண்டும்தான் ஏறின. சாரதி இருக்கைக்குப் பின்னால், பலகையோடு ஒட்டி, சாக்கு விரித்து வைத்தான். குழவியைப் பழைய சாரத்தில் சுற்றி அம்மிக்கும் பலகைக்கும் நடுவே செருகினான். "கல்லு உருளத் தொடங்கினா மிச்சம் ஒண்டும் தப்பாது" என்றான். மாங்குளத்தால் வந்த பயணத்தில் எங்கள் அலுமாரிக் கண்ணாடி உடைந்ததே குழவி உருண்டுதான். அதை நான் அவனுக்குச் சொல்லவே இல்லை. அதன் பிறகு அலுமாரி: இழுப்பறைகளைக் கழற்றி, கதவைக் கயிற்றால் கட்டி, கண்ணாடிப் பக்கத்தை மெத்தையோடு முகம் பார்க்க வைத்தான். பிரிஜ் நிமிர்ந்தே நின்றது. கட்டிலைக் கழற்றும்போது ஆணி, நட்டு எல்லாவற்றையும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினான். ஒன்றரை மணித்தியாலத்தில் ஏற்றி முடிந்தது. பேசிய 2,000-க்கு மேலே 500 கொடுத்தேன். வேண்டாம் என்றான், அம்மா கையில் வைத்துப் பொத்திவிட்டா.

மழைக்காலத்தில் வீடு மாறாமல் இருக்க முடிந்தால் மாறாதீர்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் வன்னியில் எந்த நாளையும் நம்ப முடியாது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். வைகாசி, ஆனி நல்ல காலம். சோளகக் காற்று அடிக்கும்போது புழுதிதான் கரைச்சல், தறப்பாளை நான்கு மூலையும் இறுக்கிக் கட்டினால் சமாளிக்கலாம். ஆடியில் குடிபோவதில்லை என்று எங்கள் சனம் பார்ப்பதால் அந்த மாதம் வண்டிகள் சும்மா நிற்கும், விலையும் பேசிக் குறைக்கலாம். நாள் பார்க்கிறவர்களுக்கு அம்மா சொன்ன வழி இது: வைகாசியில் நல்ல நாளில் சாமி படமும் உப்பும் மஞ்சளும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டால் குடிபுகுந்த கணக்கு. மிச்சச் சாமான் ஆடியில் போனால் குற்றமில்லை. நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதனால்தான் லொறி அண்ணை முதலில் சொன்ன 13,500-இலிருந்து 12,000-க்கு இறங்கினார்.

லொறியில் ஏற்றக்கூடாதவை சில உண்டு. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், நகை எல்லாம் உங்கள் தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும். இதை வன்னிச் சனத்துக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை; எங்கள் வீட்டில் அந்தப் பை இன்றைக்கும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. ரீவியையும் முடிந்தால் காரிலோ ஓட்டோவிலோ மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் சாமானுக்குப் பணம் தராது. எரிவாயுச் சிலிண்டரை அடுப்பிலிருந்து கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்திக் கட்டுங்கள். வீடு கட்டி மிஞ்சிய முதிரை, பாலைப் பலகை, கதவு நிலை ஏதும் கொண்டுபோவதாக இருந்தால், வனவளத் திணைக்கள அலுவலகத்தில் முன்பே கேட்டுத் தேவையான அனுமதிப் பத்திரத்தை எடுத்துவிடுங்கள். வீதியில் மறித்தால் லொறி முழுக்க நின்றுவிடும். சாமானுக்கு மேலே பெடியளை ஏற்றிக்கொண்டு ஓடவும் விடாதீர்கள். ஒரு சடுதிப் பிரேக் போதும்.

இனி என் தீர்ப்பைக் கேட்டால்: ஊருக்குள் என்றால் றக்ரர். தூரம் எவ்வளவாக இருந்தாலும் சாமான் ஒரு அறைக்குள் அடங்கும் என்றால் பட்டா. ஒரு முழுக் குடும்பத்தின் சாமான், பத்துக் கிலோமீற்றருக்கு மேலே என்றால் பத்தரை அடி லொறியும் கூலிக்கு இரண்டு பேரும். பதினான்கரை அடிக் கன்ரர் லொறி எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தேவையில்லை. கடைச் சாமானும் சேர்த்துக் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் அது. ஆனால் நீங்கள் போகும் வீட்டு ஒழுங்கைக்குள் லொறி திரும்புமா என்று முதல் நாள் போய்ப் பாருங்கள். மின்கம்பி எவ்வளவு பதிவாகத் தொங்குகிறது, மதகு பாரம் தாங்குமா என்றும் பாருங்கள். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு வேம்பின் கொப்பு பதிந்து நின்றது. முதல் நாள் பார்த்தபடியால் வீட்டுக்காரரிடம் கேட்டு வெட்டிவிட்டோம். இல்லாவிட்டால் நூறு மீற்றர் தூரம் அலுமாரியைக் கையால்தான் சுமந்திருப்போம்.

இறக்கும்போது அவசரப்படாமல் ஒவ்வொரு அறையின் சாமானையும் அந்தந்த அறைக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். முன் விறாந்தையில் குவித்துவிட்டுப் பெடியள் போனால், பிறகு இழுப்பது நீங்களும் பிள்ளைகளும்தான். அடுப்பையும் கேத்திலையும் முதலில் இறக்குங்கள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கலாம். பிரிஜ்ஜை இறக்கிய உடனே போடாதீர்கள். சில மணித்தியாலம் நிமிர்ந்து நிற்கட்டும், வழியில் சாய்ந்திருந்தால் அடுத்த நாள் காலை போடலாம்.